பதினெட்டேகாலும் பத்தொன்பதும்

அரை இன்ச் பைப் டேப் ஒன்றை எடுத்து வெர்னியர் வாயில் வைத்துப் பாருங்கள். 21 மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவாகக் காட்டும். அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த டேப்பின் மரையில் எங்கே அளந்தாலும் 12.7 கிடைக்காது. அது இறங்க வேண்டிய துளையை ஒரு வேலைக்கு 19 மில்லிமீட்டர் பிட்டால் போட வேண்டும். இன்னொரு வேலைக்கு 18.25. ரீமர் ஓட்டுகிற வேலையென்றால் 18-க்கும் கீழே இறங்க வேண்டும். எது எப்போது என்று அந்தக் காலத்து டேப்பின் தண்டில் பொறித்திருக்காது. பைப்பின் பெயர் மட்டும்தான் இருக்கும். மீதியை டேப் அடிக்கிறவன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான் இதைத் தெரிந்துகொண்டது கோவை கணபதியில், ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பட்டறையில். 1980-களின் பின்பாதி அது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்ததிலிருந்து கோவையில் மில்லும் மோட்டாரும் பம்ப்செட்டும் பெருகின. அவற்றுக்கு வார்ப்பு ஊற்றும் ஃபவுண்டரிகளும், வார்த்ததைக் கடைந்து துளைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகளும் பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி என்று தெருத்தெருவாக வளர்ந்தன. எங்களுடையது அப்படி ஒன்று. மூன்று லேத், ஒரு ரேடியல் டிரில்லிங் மெஷின், ஒரு பில்லர் டிரில், ஓரமாக ஒரு பவர் ஆக்ஸா. பம்ப் கேஸிங், வால்வு பாடி, கம்ப்ரஸர் ஹெட் எல்லாம் வரும். ஒவ்வொன்றிலும் பைப் மரை இருக்கும். பம்ப் கேஸிங்கை எடுத்துக்கொண்டால் மேலே பிரைமிங் பிளக்குக்கு ஒன்று, அடியில் தண்ணீர் வடிக்க ஒன்று, கழுத்தில் பிரஷர் கேஜ் மாட்ட ஒன்று.

டிரில்லிங்குக்கும் டேப்பிங்குக்கும் பொறுப்பாக இருந்தவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம். பட்டறைக்கு வருமுன் ஒரு மில்லின் பராமரிப்புப் பிரிவில் பாய்லரும் ஸ்டீம் லைனும் பார்த்தவர். மரையைப் பார்க்கும்போது அவருக்கு முதலில் நீராவிதான் நினைவுக்கு வரும். லேத் ஆட்களுக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் இங்கேதான் என்று பின்னாளில் புரிந்தது. அவர்கள் மரையை ஒரு வடிவமாகப் பார்த்தார்கள். இவர் அதை நீரையும் ஆவியையும் தடுத்து நிறுத்த வேண்டிய சுவராகப் பார்த்தார்.

ஐ.டி.ஐ.யில் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு எளிய கணக்கு. மரையின் வெளி விட்டத்திலிருந்து ஒரு பிட்ச்சைக் கழி. மிச்சம்தான் டிரில் அளவு. எம் 10 மரைக்குப் பிட்ச் 1.5, ஆகவே 8.5 பிட். எம் 6-க்குப் பிட்ச் 1, ஆகவே 5. நல்ல கணக்கு. இன்றைக்கும் போல்ட் மரைக்கு அதையே பயன்படுத்துகிறேன். ஆனால் பைப் மரையில் அந்தக் கணக்கைத் தொடங்கவே வழியில்லை. எம் 10 என்ற பெயரிலேயே 10 மில்லிமீட்டர் இருக்கிறது. அரை இன்ச் பைப் என்ற பெயரில் மரையின் அளவு எதுவும் இல்லை.

அந்தப் பெயர் குழாயின் உள்துளையிலிருந்து வந்தது. அந்த உள்துளையும் இன்று அரை இன்ச் கிடையாது. ஹார்டுவேர் கடையில் 15 என்.பி., அதாவது அரை இன்ச், ஜி.ஐ. பைப்பில் மூன்று ரகம் கேட்டுப் பாருங்கள். மஞ்சள் பட்டை அடித்தது லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. மூன்றுக்கும் வெளி விட்டம் ஒன்றுதான், 21 சொச்சம். சுவர் தடிக்கத் தடிக்க உள்துளை சிறுக்கும். மரை வெட்டுவது வெளியே என்பதால் வெளி அளவில் கை வைக்க முடியாது; கை வைத்தால் ஊரில் இருக்கிற சாக்கெட், எல்போ எதுவும் பொருந்தாது. ஆகையால் பெயர் ஒரு வழியில் போக, அளவு வேறொரு வழியில் நின்றுவிட்டது.

மரையின் கோணம் 55 டிகிரி. ஜோசப் விட்வொர்த் 1841-இல் லண்டனில் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் முன்வைத்த கோணம் அது. பிரிட்டனில் பட்டறைக்கு ஒரு மரை இருந்த காலத்தில், பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி, அவற்றின் சராசரியிலிருந்து ஒரு பொது மரையை உண்டாக்கினார். பின்னால் குழாய் மரையும் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டது. போல்ட்டில் விட்வொர்த் மரை வழக்கொழிந்து மெட்ரிக் வந்தாயிற்று. நம் ஊர்த் தண்ணீர்க் குழாயில் மட்டும் அது இன்னமும் ஆட்சி செய்கிறது. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை தோன்றும். வீட்டுக் குழாயடியில் திருகுகிற ஒவ்வொரு மரையும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு மனிதனின் அளவெடுப்பில் நிற்கிறது.

நான் சேர்ந்த புதிதில் மேஸ்திரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏந்தம்பி, போல்ட்டு மரைக்கும் பைப்பு மரைக்கும் என்ன வித்தியாசம்?"

"கோணமுங்க," என்றேன். படித்தது அதுதான்.

"அது பொறவு. போல்ட்டு பிடிச்சாப் போதும். பைப்பு பிடிக்கவும் வேணும், ஒழுகவும் கூடாது."

இந்த ஒரு வரியிலிருந்து டிரில் பிட் தேர்வு முழுவதையும் வருவித்துவிடலாம். போல்ட் மரையில் துளை கொஞ்சம் பெரிதானால் பெரிய நஷ்டம் கிடையாது. மரை முழு ஆழம் இருந்தாலும் முக்கால் ஆழம் இருந்தாலும் வலிமையில் சொற்ப வித்தியாசம்தான். முழு ஆழம் வெட்ட டேப்புக்குத் தேவைப்படும் விசைதான் பல மடங்கு கூடும். அதனால்தான் கைநூல் அட்டவணைகள் எல்லாம் முக்கால் ஆழத்தை ஒட்டியே டிரில் அளவு தருகின்றன. பைப் மரையில் நிலைமை வேறு. ஆண் மரையின் முகட்டுக்கும் பெண் மரையின் பள்ளத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால், அது மரையோடு மரையாகச் சுற்றிச் சுற்றி வெளியே வரும் ஒரு பாதை. தண்ணீருக்கு அந்தப் பாதை போதும். சணலும் வெள்ளை லெட்டும், இப்போது டெஃப்லான் டேப்பும், அந்தப் பாதையை அடைக்கத்தான். ஆனால் சணல் சிறு இடைவெளியைத்தான் அடைக்கும். முகடு மழுங்கிப்போன மரையில் சணலுக்குப் பிடிமானமே இருக்காது.

ஒழுகாமல் நிறுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, மரையைப் பிடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அடைப்பதை வாஷரிடம் விட்டுவிடுவது. அப்போது மரை நேராக, ஒரே விட்டத்தில் இருக்கும். இதற்கு ஜி மரை என்று பெயர். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2643. இன்னொன்று, மரையே அடைப்பது. அதற்கு மரை சரிவாக இருக்க வேண்டும். புட்டிக்குள் தக்கை இறுகுவது போல, திருகத் திருக இறுக வேண்டும். அது ஐ.எஸ். 554. உள்ளே வெட்டும் சரிவு மரைக்கு ஆர்சி என்று அடையாளம். சரிவு பதினாறுக்கு ஒன்று. 16 மில்லிமீட்டர் உள்ளே போனால் விட்டம் 1 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். கண்ணுக்கு இது தெரியாது. டேப்பை நீளவாக்கில் வெர்னியரின் இரண்டு தாடைக்கும் நடுவே பிடித்தால்தான் வெளிச்சம் தெரியும். புதிதாக டேப் வாங்கி வந்தால் மேஸ்திரி செய்கிற முதல் வேலை அதுதான்.

ஒரு சமயம் வேறொரு பட்டறையில் துளைத்து டேப் அடித்த வால்வு பாடிகள் ஒரு லாட்டாக எங்களிடம் வந்தன. தண்ணீர் டெஸ்ட்டில் கேஜ் மாட்டும் துளையில் கசிவு. சணலை இரட்டிப்பாகச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள், நிற்கவில்லை. வார்ப்பில் ஓட்டை இருக்கிறது என்று ஃபவுண்டரி மேல் பழி. ஃபவுண்டரிக்காரரோ வார்ப்பு சுத்தம் என்று சாதித்தார். டிராயிங்கில் "அரை இன்ச் பி.எஸ்.பி.", அதாவது பிரிட்டிஷ் குழாய் மரை, என்று மட்டும் எழுதியிருந்தது. நேர் மரையா, சரிவு மரையா என்று ஒரு எழுத்து இல்லை.

மேஸ்திரி ஒரு பிளக்கை எடுத்துக் கையால் திருகிப் பார்த்தார். அது முகத்தைத் தாண்டி உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று. பிளக்கைக் கழற்றிவிட்டு, தள்ளுபடி ஆன ஒரு பாடியைப் பவர் ஆக்ஸாவில் மாட்டச் சொன்னார். பிளேடு துளையின் நடுவாகப் போக வேண்டும். வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் அறுபடும். அது அறுபட்டு முடியும் வரை அவர் பக்கத்திலேயே நின்றார். இரண்டு பாதியும் விழுந்ததும் தூசியை ஊதிவிட்டு ஒரு பாதியை ஜன்னல் வெளிச்சத்தில் என்னிடம் நீட்டினார்.

மரையின் உள்பக்கத்தை அப்படிப் பிளந்து பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. வாயருகே இருந்த சுற்றுகள் ஓரளவு கூர்மையாக, உருவத்தோடு இருந்தன. உள்ளே போகப் போக முகடுகள் தட்டையாகி, கடைசிச் சுற்றுகள் சுவரில் நகத்தால் கீறிய கோடு மாதிரி இருந்தன. டேப் சரியான டேப்தான்; சரிவு டேப். அடித்தவன் கையும் நல்ல கை. மரை சாயாமல் நேராக இறங்கியிருந்தது. துளை போட்ட பிட்தான் 19.

"டேப்பு உள்ள போகப் போகச் சிறுசாகுது. ஓட்டை சிறுசாகலையே. அப்பறம் எதைப் போயி வெட்டும்?" என்றார்.

அன்றைக்கு அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை இன்ச் பி.எஸ்.பி.யில் ஒரு இன்ச்சுக்கு 14 மரை. மரையின் முழு ஆழம் 1.162 மில்லிமீட்டர். உள் விட்டம், முகத்தில் அளந்தால், 18.631. துளை 19 என்றால் முகத்திலேயே முகட்டில் கொஞ்சம் போய்விடுகிறது. 10 மில்லிமீட்டர் உள்ளே சரிவு டேப்பின்படி இருக்க வேண்டிய உள் விட்டம் 18 தான். துளையோ அங்கும் 19. ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் இல்லை. 1.162-இல் அரை மில்லிமீட்டர் போனால் மிஞ்சுவது பாதி மரைக்குச் சற்று மேல். இதே துளையை 18.25 பிட்டால் போட்டிருந்தால், முகத்தருகே துளை சிறிதாக இருப்பதால் அந்த இடத்தை டேப்பே அகட்டி முழு மரையாக வெட்டியிருக்கும். 10 மில்லிமீட்டர் ஆழத்திலும் பத்தில் ஒன்பது பங்கு மரை நின்றிருக்கும். முக்கால் மில்லிமீட்டர் பிட் வித்தியாசத்தில் ஒரு லாட்டே திரும்பி வந்திருந்தது.

19 பிட் தவறான பிட் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நேர் மரைக்கு அதுதான் சரி. ஜி அரை இன்ச்சில் உள் விட்டம் 18.631-லிருந்து 19.172 வரை இருக்கலாம் என்று தர நிர்ணயமே இடம் கொடுக்கிறது. 19 அதன் நடுவில் சௌகரியமாக உட்காருகிறது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் நேர் மரைக்கு ஒரு பத்தி, சரிவு மரைக்கு ஒரு பத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. கால் இன்ச்சுக்கு 11.8, 11.2. முக்கால் இன்ச்சுக்கு 24.5, 23.75. அந்தப் பட்டறையில் யாரோ முதல் பத்தியை மட்டும் பார்த்திருக்கிறார். டிராயிங் போட்டவர் எழுதாமல் விட்ட ஒரு எழுத்தின் விலை அது. இதில் பாடியைத் துளைத்தவரைக் குறை சொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை.

அந்த லாட்டை எப்படிச் சரிசெய்தோம் என்று கேட்கலாம். சுவர் தடிமன் இடம் கொடுத்ததால் அடுத்த அளவுக்கு, முக்கால் இன்ச்சுக்கு, ஏற்றி, 23.75-இல் துளையைப் பெரிதாக்கி, சரிவு டேப் அடித்து, முக்காலுக்கு அரை புஷ் மாட்டிக் கொடுத்தோம். வேறு வழி அங்கே இல்லை. போன முகட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

சிறிய பிட் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. அது வேறு விதமான ஆபத்து. போல்ட் டேப்பில் முன்னால் சரித்துவிட்ட சில பற்கள் மட்டும்தான் வெட்டும். பின்னால் வருபவை வழிகாட்டும். பைப்பின் சரிவு டேப்பில் துளைக்குள் இறங்கிய அத்தனை பற்களும் ஒரே நேரத்தில் வெட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பளு ஏறிக்கொண்டே போகும். துளையும் சிறிதாக இருந்தால் மரையோடு சேர்த்துச் சுவரையும் அது சுரண்ட வேண்டும். முதலில் டேப் ஹேண்டில் உறுமும், பிறகு கீச்சென்று ஒரு சத்தம், அதோடு டேப் நின்றுவிடும். அந்த நேரத்தில் இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் டேப் உள்ளே முறியும். முறிந்த டேப்பைச் சாதாரண பிட்டால் துளைக்க முடியாது. பிட்டும் டேப்பும் ஒரே கடினம். மெல்லிய பன்ச்சால் துண்டு துண்டாகத் தட்டி உடைத்து எடுக்க வேண்டும், அல்லது ஸ்பார்க் எரோஷன் இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

உறுதியான எஃகு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் மேஸ்திரி நேராக டேப்புக்குப் போகமாட்டார். சிறிய பிட்டால் துளைத்து, பதினாறுக்கு ஒன்று சரிவுள்ள பைப் ரீமரை ஓட்டித் துளையையே சரிவாக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் டேப். துளையும் டேப்பும் ஒரே சரிவில் இருப்பதால் எல்லாச் சுற்றிலும் மரை ஒரே ஆழத்தில் விழும், டேப்பும் திணறாது. முதலாளிக்கு நேரம் போகிறதே என்று இருக்கும். ஆனால் ரீமர் ஓட்டிய துளை ஒழுகி வந்ததாக எனக்கு நினைவில்லை. இன்றும் அவசரமில்லாத வேலையில் ரீமர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பிட் சரியாக இருந்தாலும் டேப்பை எவ்வளவு ஆழம் ஓட்டுவது என்பது அடுத்த கேள்வி. நேர் டேப்பை எவ்வளவு ஓட்டினாலும் விட்டம் மாறாது. சரிவு டேப்பை ஒரு சுற்று கூடுதலாக ஓட்டினால் துளை முழுவதும் பெரிதாகிவிடும். ஆகவே பாதியில் நிறுத்தி, டேப்பைக் கழற்றி, தூளைத் துடைத்து, ஒரு நல்ல பிளக்கைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். அரை இன்ச்சுக்கும் கால் இன்ச்சுக்கும் கையால் இறங்க வேண்டிய கணக்கு சுமார் நாலரைச் சுற்று. இரண்டு சுற்றில் நின்றால் இன்னும் வெட்ட வேண்டும். ஆறு ஏழு என்று இறங்கினால் அந்தப் பீஸ் கைவிட்டுப் போயிற்று. கையால் இறங்கியதற்கு மேல் ஸ்பேனரில் இரண்டு சுற்றுக்கு மேல் போக மரை மிச்சம் இருக்க வேண்டும். இறுக்கம் அங்கேதான் வருகிறது.

பிறகு அமெரிக்க மரை வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற வால்வுகளுக்கு என்.பி.டி. வேண்டும் என்று ஆர்டர்கள் வரத் தொடங்கின. அமெரிக்காவில் மரைக்கோணம் 60 டிகிரி. 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் விட்வொர்த்துக்கு மாற்றாகச் சொன்ன கோணம். அங்கே குழாய் மரையை ஒழுங்குபடுத்தியவர் ராபர்ட் பிரிக்ஸ். சரிவு அவர்களுக்கும் பதினாறுக்கு ஒன்றுதான். அரை இன்ச் பைப்பில் இன்ச்சுக்கு 14 மரை என்பதும் ஒன்றே. ரீமர் இல்லாமல் அடிக்க அவர்கள் அட்டவணை சொல்லும் பிட் 23/32 இன்ச், அதாவது 18.26 மில்லிமீட்டர். நம் சரிவு மரைக்குப் போடுகிற அதே 18.25 பிட்! பிட்டை மாற்ற வேண்டியதில்லை என்பதே ஆபத்தாகிவிடுகிறது. துளை ஒன்றுபோல் இருக்கும், டேப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஃபிட்டிங்கும் திருகினால் ஏறும். ஆனால் 55-ம் 60-ம் சாய்வில் பொருந்தாது. ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு, மிச்சமெல்லாம் இடைவெளியாக நிற்கும். காற்றழுத்த லைனில் சோப்புத் தண்ணீர் பூசினால் நுரை எழும்.

கால் இன்ச்சில் இந்த ஏமாற்று நடக்காது. நம்முடையது 19 மரை, அவர்களுடையது 18. மூன்று நான்கு சுற்று சிநேகமாக ஏறிவிட்டுப் பிறகு முரண்டுபிடிக்கும். புதியவர்கள் அந்த முரண்டை இறுக்கம் என்று எடுத்துக்கொண்டு ஸ்பேனரை நீட்டுவார்கள். மேஸ்திரி சட்டைப்பையில் எப்போதும் திரெட் கேஜ் இரண்டு செட் இருக்கும், 55 ஒன்று, 60 ஒன்று. எந்த பீஸ் வந்தாலும் பிட் பலகையைத் தொடுமுன் இலையை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். "எந்த ஊரு மரைன்னு தெரியாம எந்தப் பிட்டை எடுப்பே?" என்பார். என்.பி.டி. டேப்புகளின் தண்டில் அவர் சிவப்புப் பெயின்ட் அடித்து வேறு டப்பாவில் போட்டுப் பூட்டிவைத்தார். சாவி அவரிடம் மட்டும்.

இவ்வளவும் தெரிந்தாலும் பலகையிலிருந்து 18.25 என்று எழுதிய பிட்டை எடுத்து மாட்டினால் 18.25 துளை கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பட்டறையில் ரொம்பப் பேர் கவனிக்காத இடம் இது. எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் சென்னை அடிசன் பிட்டுகள், பல வருடம் சாணை பிடித்துப் பிடித்துக் குட்டையானவை. தண்டில் பொறித்த எண் தேய்ந்திருக்கும். பிட்டைத் தண்டுப்பக்கம் அளக்கக் கூடாது; அதன் உடல் தண்டை நோக்கிக் கொஞ்சம் சிறுத்துப்போகும்படிதான் செய்திருப்பார்கள், துளையில் உரசாமலிருக்க. முனையில், இரண்டு விளிம்புக்கும் குறுக்கே அளக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் சாணை. முனைக்கோணம் 118 டிகிரி. இரண்டு உதடும் ஒரே நீளம், ஒரே சாய்வு இருக்க வேண்டும். ஒரு உதடு நீண்டுவிட்டால் முனை நடுவில் நிற்காது. பிட் விலகிச் சுழன்று தன்னைவிடப் பெரிய துளையைப் போட்டுவிடும். 18.25 பிட் 18.6 துளை போட்டதை நானே அளந்திருக்கிறேன். இரண்டு உதட்டிலும் சீவல் சமமாக வருகிறதா என்று பார்த்தாலே பிட்டின் யோக்கியதை தெரிந்துவிடும். எஃகில் இரண்டு சுருள் சோடியாக எழும்ப வேண்டும். ஒன்று மட்டும் எழும்பினால் இறக்கிச் சாணைக்குக் கொண்டுபோ. வார்ப்பிரும்பில் சுருள் வராது, கறுப்புத் தூள்தான். அங்கே இந்தச் சோதனை செல்லாது. அதற்காக மேஸ்திரி தள்ளுபடி வார்ப்பு ஒன்றை எப்போதும் மேஜையடியில் வைத்திருந்தார். சாணை பிடித்த பிட்டால் முதலில் அதில் ஒரு துளை, வெர்னியரின் உள்தாடையால் ஒரு அளவு, அதற்குப் பிறகுதான் வேலைத்துண்டு.

அரை இன்ச் பைப்புக்கான பிட் சாதாரண 13 மில்லிமீட்டர் சக்கில் ஏறாது. தண்டு சரிவான பிட்தான், எம்.டி. 2. ஸ்பிண்டில் பெரிதென்றால் நடுவில் ஒரு ஸ்லீவ். அந்த ஸ்லீவின் உள்ளே ஒரு தூள் ஒட்டியிருந்தாலும் பிட் ஆடும். ஆடினால் துளை பெரிதாகும். மேஸ்திரி ஸ்லீவைத் துணியால் துடைத்துவிட்டு விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். பிறகு சிறிய பிட்டால் வழித்துளை, அதன்மேல் பெரிய பிட். வார்ப்பிரும்பில் 19 மில்லிமீட்டர் பிட்டை நிமிடத்துக்கு 350 சுற்றுக்கு மேல் ஓட விடமாட்டார். எண்ணெயும் விடமாட்டார், அது தூளோடு சேர்ந்து களிம்பாகிப் பிட்டை மழுக்கும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். எஃகுக்கு டேப்பிங் ஆயில், தாராளமாக.

இப்போது சி.என்.சி.யில் திரெட் மில்லிங் வந்துவிட்டது. ஒரு சிறிய கட்டர் துளைக்குள் சுற்றிச் சுற்றி இறங்கி மரையைச் செதுக்குகிறது. புரோகிராமில் எண்ணை மாற்றினால் நேர் மரையும் சரிவு மரையும் கிடைக்கிறது. டேப் முறியும் பயம் இல்லை. நல்ல முன்னேற்றம்தான், எனக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் அங்கேயும் கட்டர் இறங்குமுன் ஒரு துளை வேண்டும், அந்தத் துளைக்கு ஒரு பிட்டை யாராவது தீர்மானிக்க வேண்டும். சின்னப் பட்டறைகளில் டேப்பும் ஹேண்டிலும் இன்னும் கையில்தான் இருக்கின்றன. என்னோடு வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் பட்டறை போட்ட பையன்கள் அவ்வப்போது போனில் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒருவன் கூப்பிட்டான்.

"அண்ணா, கால் இன்ச் பைப் டேப்புக்கு என்ன பிட்டுங்ணா போடறது?"

"உள்ள என்ன மாட்டப் போறாங்க?"

"அது தெரியலீங்ளே. டிராயிங்ல கால் இன்ச் பி.எஸ்.பி.ன்னு மட்டும் போட்டிருக்குதுங்."

"பார்ட்டிகிட்டக் கேளு. ஜோடி பீஸ் இருந்தா வாங்கிக்க. வாங்கிட்டுக் கூப்பிடு."

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான். அடாப்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். மரையை நீளவாக்கில் வெர்னியர் தாடைக்கு நடுவே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். வெளிச்சம் தெரியவில்லை, நேராகத்தான் இருக்கிறது என்றான். கேஜில் 55-க்கு 19 இலை உட்கார்ந்துவிட்டது. தலைக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"செம்பு வாஷர் ஒண்ணு இருக்குதுங்ணா."

"அப்ப 11.8 போடு. ஓட்டை போட்ட கையோட முகத்தையும் ஸ்பாட் ஃபேஸ் எடுத்துரு. வாஷர் தட்டையா உக்காரணும்."